கனசதுரக் கணக்கும் முன்கணிப்பும்



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கணக்கேடு புதிதல்ல. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றால் பெயரைக் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிவார்கள். ரப்பர் காடாக இருந்தால், மரம் சீவி முடித்துப் பாலைக் கொட்டகைக்குக் கொண்டு வந்ததும் நிறுத்து எழுதுவார்கள். செம்பனைக் காடாக இருந்தால், வெட்டி அடுக்கிய குலைகளை எண்ணி எழுதுவார்கள். மாதக் கடைசியில் இந்த எண்கள் எல்லாம் ஒன்று கூடிச் சம்பளச் சீட்டாக வீட்டுக்கு வரும். மளிகைக் கடன் அடைப்பதும், பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை எடுப்பதும் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான்.

ஆகவே, ஓர் எண்ணை யார் எழுதுகிறார், எப்படிக் கூட்டுகிறார், கூட்டியதைக் கொண்டு என்ன முடிவு செய்கிறார் என்பது நம் வயிற்றோடு தொடர்புள்ள செய்தி. அந்தக் கணக்கேடு இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்குள் போய்விட்டது. கணிப்பொறி வெறுமனே கூட்டிக் காட்டுவதோடு நிற்பதில்லை. கணக்கைப் பல பக்கமும் திருப்பிக் காட்டுகிறது. இனி வரப்போவது இதுதான் என்றும் சொல்கிறது. முதல் வேலையைச் செய்யும் அமைப்புக்குப் பல்பரிமாணத் தரவுக் கனசதுரம் என்று பெயர். இரண்டாவது வேலைக்கு முன்கணிப்பு என்று பெயர். இரண்டையும் தன்னுள் கொண்ட துறையை வணிக நுண்ணறிவு என்கிறார்கள். பெயர்கள்தாம் பெரியவை, உள்ளே இருக்கும் கருத்து நம் கைக்கு எட்டாதது அல்ல. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வீட்டில் தாளும் பென்சிலும் இருந்தால் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம்.

கூட்டுத்தொகை மறைப்பது

கற்பனையாக ஒரு செம்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே குலை வெட்டும் குழுக்கள் இரண்டு. ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலையை ஓர் ஆள்நாள் என்று சொல்வோம். ஒரு மாதத்தில் இரண்டு குழுக்களும் ஆளுக்குச் சமமாக 100 ஆள்நாள் வேலை செய்தன. மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்தபோது முதல் குழு வெட்டியது 136 டன். இரண்டாம் குழு வெட்டியது 104 டன். அதாவது முதல் குழுவுக்கு ஓர் ஆள்நாளுக்கு 1,360 கிலோ. இரண்டாம் குழுவுக்கு 1,040 கிலோ.

எந்தக் குழு நல்ல குழு? ஊக்கத்தொகையை யாருக்குக் கொடுக்கலாம்? ஆள் குறைக்க வேண்டி வந்தால் யாரை நிறுத்தலாம்? இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், முதல் குழுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்லிவிடுவார்.

கொஞ்சம் பொறுங்கள். அந்தத் தோட்டத்தில் காடுகளும் இரண்டு. ஒன்று பள்ளக்காடு. தரை சமம், மரம் இளசு, குலை கைக்கு எட்டும் உயரம். மற்றொன்று மேட்டுக்காடு. ஏற்றம், மரம் முதிர்ந்து வானளாவி நிற்கும், நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து அறுக்க வேண்டும். முதல் குழு பள்ளக்காட்டில் 80 ஆள்நாள் வேலை செய்து 120 டன் வெட்டியது. மேட்டுக்காட்டில் 20 ஆள்நாளில் 16 டன் வெட்டியது. இரண்டாம் குழு பள்ளக்காட்டில் 20 ஆள்நாளில் 32 டன் வெட்டியது. மேட்டுக்காட்டில் 80 ஆள்நாளில் 72 டன் வெட்டியது.

இப்போது வகுத்துப் பாருங்கள். பள்ளக்காட்டில் ஓர் ஆள்நாளுக்கு முதல் குழு 1,500 கிலோ, இரண்டாம் குழு 1,600 கிலோ. மேட்டுக்காட்டில் முதல் குழு 800 கிலோ, இரண்டாம் குழு 900 கிலோ. பள்ளத்திலும் இரண்டாம் குழுவே மேல். மேட்டிலும் இரண்டாம் குழுவே மேல். ஆனால் மொத்தக் கணக்கில் மட்டும் அது பின்தங்கிவிட்டது. காரணம் சோம்பல் அல்ல. கடினமான காட்டுக்கு அதிக நாள் அனுப்பப்பட்டதுதான் காரணம்.

இதில் யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. நிறுவையில் தவறில்லை, கூட்டலிலும் தவறில்லை. ஆனாலும் அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் நம்பி முடிவு செய்தால் நல்ல தொழிலாளி தண்டிக்கப்படுவார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே பானை என்றால் அது சரி. இரண்டு அடுப்பில் இரண்டு பானை இருக்கும்போது ஒரு சோற்றை எடுத்து இரண்டுக்கும் பதம் சொல்லலாமா?

ஏடுகளை அடுக்கினால் கனசதுரம்

மேலே சொன்ன உண்மை எப்படி வெளிவந்தது? எவ்வளவு என்ற ஒரே எண்ணை, யார் என்ற பக்கத்திலிருந்து மட்டும் பார்க்காமல், எந்தக் காடு என்ற பக்கத்திலிருந்தும் பார்த்ததால் வெளிவந்தது. இப்படிப் பார்ப்பதற்கு வசதியாகக் கணக்கை அடுக்கி வைக்கும் முறைதான் தரவுக் கனசதுரம்.

அதைக் கண்ணால் காண ஒரு வழி சொல்கிறோம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலிருந்து கீழாகக் குழுக்களின் பெயர். இடமிருந்து வலமாகக் காடுகளின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் குழு அந்தக் காட்டில் வெட்டிய எடையை எழுதுங்கள். இது ஜனவரி மாதத் தாள். இதே போல் பிப்ரவரிக்கு ஒன்று, மார்ச்சுக்கு ஒன்று என 12 தாள்கள் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இப்போது உங்கள் முன்னே இருப்பது தட்டையான தாள் அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள ஒரு கட்டி. நீளம் குழு, அகலம் காடு, உயரம் மாதம். இதுவே கனசதுரம்.

இந்தக் கட்டியை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம்? ஒரு தாளை மட்டும் உருவி எடுத்தால் ஒரு மாதத்து நிலவரம் முழுவதும் தெரியும். ஒரே கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழே ஓர் ஊசியைக் குத்தினால், ஒரு குழு ஒரு காட்டில் ஆண்டு முழுவதும் எப்படி வேலை செய்தது என்று தெரியும். கட்டியை நிமிர்த்தி வைத்துப் பக்கவாட்டில் ஒரு வில்லை அறுத்தால், ஒரே காட்டில் எல்லாக் குழுக்களும் எல்லா மாதங்களிலும் வெட்டியது தெரியும். நிபுணர்கள் இதைச் சீவி எடுத்தல் என்று சொல்கிறார்கள். மாதங்களைக் கூட்டி ஆண்டாக்குவது மேலேறிப் பார்ப்பது. மாதத்தைப் பிரித்து நாளாக்குவது உள்ளிறங்கிப் பார்ப்பது. தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவது போல, ஒரே கணக்கைப் பல முகமாகத் திருப்பிப் பார்ப்பதுதான் இதன் பயன்.

தோட்டம் பெரிதாக இருந்தால்? 10 குழுக்கள், 12 காடுகள், 12 மாதங்கள் என்றால் 1,440 கட்டங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மொத்தம் என்று ஒரு வரிசையைச் சேர்த்துக்கொண்டால் 11, 13, 13 ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். 1,859 கட்டங்கள் வரும். அந்த அதிகப்படியான 419 கட்டங்களும் முன்கூட்டியே கூட்டி வைத்த விடைகள். மேலாளர் ஒரு கேள்வி கேட்டதும் கணிப்பொறி கண் இமைப்பதற்குள் பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய அமைப்புகளில் எல்லாக் கூட்டலையும் செய்து வைக்க இடம் போதாது. அதனால் அடிக்கடி கேட்கப்படுபவற்றை மட்டும் கூட்டி வைப்பதும் உண்டு.

மூன்று பக்கத்தோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து ஆண்டுக் கட்டிகளை அலமாரியில் வரிசையாக வைத்தால் ஆண்டு நான்காம் பக்கம் ஆகிவிடும். மழை பெய்த நாளா, பெய்யாத நாளா என்று பிரித்தால் அது ஐந்தாம் பக்கம். இதைக் கையால் அடுக்கவோ மனத்தால் படம் பிடிக்கவோ நம்மால் முடியாது. கணிப்பொறிக்கு அந்தச் சிரமம் இல்லை. பல்பரிமாணம் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள்.

இந்தக் கலை வந்த வழி

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. 1958ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், வணிக நுண்ணறிவு அமைப்பு என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தேவையான செய்தியைத் தேவையான ஆளிடம் பொறியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1970இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், விவரங்களை எல்லாம் அட்டவணைகளாக வைக்கும் முறையை வகுத்தார். வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என எங்கெங்கும் இன்று நடக்கும் பதிவுகளுக்குப் பெரும்பாலும் அதுவே அடிப்படை. அவரே 1993இல் தம் துணைவர்களோடு சேர்ந்து, விவரங்களைப் பல பக்கமாகத் திருப்பி உடனுக்குடன் ஆராய்வதற்கு ஒரு பெயர் சூட்டி, அதற்கு 12 விதிகளும் எழுதினார். ஜிம் கிரே என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1996இல், தட்டையான அட்டவணையிலிருந்து இத்தகைய கனசதுரத்தை ஒரே கட்டளையில் உண்டாக்கும் வழியை எழுதிக் காட்டினார்கள். நாம் சற்று முன் சேர்த்த மொத்தம் என்ற வரிசை அவர்கள் எழுத்தில் உள்ளதுதான்.

புயலும் பலகாரமும்

இதை ஒரு வியாபாரி எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். வால்மார்ட் என்பது அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறைக் கடை நிறுவனம். எந்தக் கடையில், எந்த நாளில், எந்தப் பொருள் எத்தனை விற்றது என்ற விவரம் அதன் கணிப்பொறிகளில் மலைபோல் குவிந்திருந்தது. கடை, நாள், பொருள். பார்த்தீர்களா, மூன்று பக்கங்கள்.

2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் சார்லி என்ற பெரும்புயல் புளோரிடா மாநிலத்தைத் தாக்கியது. சில வாரங்களில் பிரான்சிஸ் என்ற அடுத்த புயல் கிளம்பியது. அது கரையை அடைவதற்கு முன்பே, முதல் புயலுக்கு முந்திய நாட்களில் மக்கள் என்னென்ன வாங்கினார்கள் என்று தேடிப் பார்க்கும்படி அந்நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவுத் தலைவி லிண்டா டில்மன் பணித்தார். கைவிளக்கு அதிகம் விற்றிருக்கும் என்பதை யாரும் சொல்லிவிடலாம். ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. ஸ்ட்ராபெரிப் பழச்சுவை கொண்ட பாப்டார்ட்ஸ் என்ற பலகாரம் வழக்கத்தைப் போல் 7 மடங்கு விற்றிருந்தது. எல்லாவற்றிலும் அதிகம் விற்ற பொருள் பீர். உடனே லாரிகளில் இவற்றை ஏற்றிப் புயல் பாதையிலிருந்த கடைகளுக்கு அனுப்பினார்கள். அவை நன்றாக விற்றன.

அந்தப் பலகாரத்தைச் சமைக்க வேண்டாம், கெட்டுப்போகாது, மின்சாரம் நின்றாலும் பிரித்துத் தின்னலாம். காரணத்தைப் பிறகு யோசித்தால் நமக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் விற்றதை மொத்தமாகக் கூட்டியிருந்தால் இந்த உண்மை அதற்குள் கரைந்து போயிருக்கும். புயலுக்கு முந்திய நாள் என்ற ஒரு பக்கத்தைச் சேர்த்துச் சீவி எடுத்ததால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. சென்ற புயலில் நடந்தது இந்தப் புயலிலும் நடக்கும் என்று எண்ணி முன்கூட்டியே லாரியை அனுப்பினார்களே, அதுதான் முன்கணிப்பு.

வருவதை உரைத்தல்

முன்கணிப்பும் நமக்குப் புதிதல்ல. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும் காலத்தில் பால் குறையும் என்பதை அனுபவப்பட்ட பால்வெட்டுத் தொழிலாளி எந்தப் பொறியும் இல்லாமல் சொல்வார். பல ஆண்டு கண்டதை மனத்தில் வைத்து இந்த ஆண்டைச் சொல்கிறார். கணிப்பொறியும் அதையே செய்கிறது. மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாத அளவு பழைய கணக்குகளை எடுத்துக்கொண்டு, எது கூடினால் எது கூடுகிறது, எது குறைந்தால் எது குறைகிறது என்ற ஒழுங்கைத் தேடுகிறது. அகப்பட்ட ஒழுங்கை வருங்காலத்துக்கு நீட்டிப் பார்க்கிறது.

அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கவும் ஒரு முறை உண்டு. 10 ஆண்டுக் கணக்கு இருந்தால், 9 ஆண்டுக் கணக்கை மட்டும் பொறிக்குக் காட்டுவார்கள். பத்தாம் ஆண்டை மறைத்து வைத்து, அந்த ஆண்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்பார்கள். பதிலை உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளையைப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பது போலத்தான்.

ஆனால் பழைய ஒழுங்கு மாறாமல் இருந்தால்தான் இந்தச் சோதனையும் பலிக்கும். நம் நாட்டுச் செம்பனையே இதற்குச் சாட்சி. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் உற்பத்தி, கையிருப்பு, ஏற்றுமதிக் கணக்குகளை வெளியிடுகிறது. 2012 முதல் 2015 வரை நாட்டின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு ஏறி வந்தது. 2015இல் ஏறத்தாழ 1 கோடியே 99 லட்சத்து 60 ஆயிரம் டன். இந்த நான்கு ஆண்டுப் புள்ளிகளைக் காகிதத்தில் வைத்து அளவுகோலால் கோடு இழுத்தால், 2016இல் 2 கோடி டன்னைத் தாண்டும் என்றுதான் தோன்றும். நடந்தது என்ன? 2016இல் உற்பத்தி ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சத்து 20 ஆயிரம் டன்னாக விழுந்தது. 26 லட்சம் டன்னுக்கு மேல் குறைவு. மறு ஆண்டு, 2017இல், அது மீண்டும் 1 கோடியே 99 லட்சத்து 20 ஆயிரம் டன் அளவுக்கு ஏறியது.

என்ன காரணம்? 2015, 2016 ஆண்டுகளில் எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றத்தால் வறட்சி ஏற்பட்டது. செம்பனை வறட்சியை உடனே காட்டிக் கொடுக்கும் மரமல்ல. தண்ணீர் குறைந்தால் ஆண் பூக்கள் அதிகமாகும், இளங்குலைகள் கருகும். அந்தப் பாதிப்பு குலை வெட்டும்போது தெரிவதற்குப் பல மாதங்கள், சில சமயம் 2 ஆண்டு வரை ஆகும். ஆகவே உற்பத்திக் கணக்கை மட்டும் பார்த்துக் கோடு இழுத்தவர் ஏமாறுவார். மழைக் கணக்கையும் ஒரு பக்கமாகச் சேர்த்து, அந்தப் பாதிப்பு பின்னால் வரும் காலத்தையும் அறிந்து கணித்தவர் உஷாராக இருப்பார்.

இரண்டு குழுக்களின் கதையில் காடு என்ற பக்கம் விடுபட்டதால் நியாயம் கெட்டது. செம்பனைக் கணக்கில் மழை என்ற பக்கம் விடுபட்டால் கணிப்பு கெடும். கணிப்பொறி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், நாம் கொடுக்காத பக்கத்தை அது தானாகப் பார்க்காது.

மனிதரைக் கணிக்கும்போது

பலகாரத்தில் கணிப்பு தவறினால் கடையில் சரக்கு தேங்கும். மனிதரைப் பற்றிய கணிப்பு தவறினால் ஒரு குடும்பமே தெருவுக்கு வரும். இது மிகைப்படுத்தல் அல்ல. நெதர்லாந்து நாட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால், அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் உதவித்தொகையாகக் கொடுக்கும். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உதவித்தொகையில் மோசடி செய்யக்கூடியவர் யார் என்று கண்டுபிடிக்க அந்நாட்டு வரித்துறை கணிப்பொறிக் கணிப்பைப் பயன்படுத்தியது. ஒருவருக்கு டச்சுக் குடியுரிமை உண்டா இல்லையா என்பதும் சந்தேகத்துக்குரிய அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து விட்டுப்போனது போன்ற சிறு பிழைகூட மோசடியாகக் கொள்ளப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பெற்றோர்கள் தவறாக மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். வாங்கிய உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். அது சிலருக்குப் பல்லாயிரம் யூரோ. கடனில் மூழ்கிய குடும்பங்கள் உண்டு. வீட்டை இழந்தவர்கள் உண்டு. பிரிந்த தம்பதிகள் உண்டு. வேற்று நாட்டு வழிவந்த குடும்பங்களே இதில் பெரிதும் அடிபட்டன. நாடாளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பரில், இது இதுவரை காணாத அநீதி என்று அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15ஆம் நாள் பிரதமர் மார்க் ரூட்டேயின் அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது.

முதல் இரண்டு கதைகளில் வேண்டிய பக்கம் விடுபட்டது. இந்தக் கதையில் வேண்டாத பக்கம் சேர்க்கப்பட்டது. ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்பதற்கும் அவர் நேர்மைக்கும் என்ன உறவு? ஆனால் பொறியில் போட்டாகிவிட்டது, பொறி சொல்லிவிட்டது, அதிகாரி நம்பிவிட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும் என்பது பழமொழி. பொறிக்கு முன் ஏர் என்பது பழைய கணக்கு. நம் கற்பனைத் தோட்டத்தில், குலை அதிகம் வெட்டிய குழுவே நல்ல குழு என்று 10 ஆண்டு எழுதி வைத்திருந்தால், பொறியும் அதையே கற்றுக்கொள்ளும். அடுத்த ஆண்டும் முதல் குழுவையே பள்ளக்காட்டுக்கு அனுப்பச் சொல்லும். மேட்டுக்காட்டில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பவர் என்றைக்கும் மேட்டுக்காட்டில்தான். முன் ஏர் கோணினால் பின் ஏரும் கோணும். கோணலைக் கண்டு ஏரை நிறுத்த மனிதர் ஒருவர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அப்படியென்றால் இந்தக் கலையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. மேட்டுக்காட்டுக் குழுவுக்கு நியாயம் கிடைத்ததும் கணக்கைப் பல பக்கமாகத் திருப்பிப் பார்த்ததால்தானே? கத்தியைக் கண்டு பயப்படுவதைவிட அதன் பிடி எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்வது நல்லது. நாம் நினைவில் வைக்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஓர் எண்ணைக் காட்டி, உன் வேலை குறைவு என்றோ, உனக்குக் கடன் இல்லை என்றோ யாராவது சொன்னால், இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விடுபட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். மழை நாளைக் கழித்தீர்களா? எந்தக் காடு என்று பார்த்தீர்களா? நோயுற்றிருந்த நாட்களைத் தனியே வைத்தீர்களா? இது முதல் கேள்வி. இது எந்தக் காலத்துக் கணக்கு, அதற்குப் பின் நிலைமை மாறியிருக்கிறதே என்பது இரண்டாவது. பொறி சொன்னதை ஆராய்ந்து கடைசி முடிவு செய்யும் மனிதர் யார், அவரிடம் நாம் முறையிட எந்த வழி என்பது மூன்றாவது.

இப்படிக் கேட்பதற்கு நம் கையிலும் கணக்கு இருக்க வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வேலை செய்த இடம், வேலையின் அளவு, மழையா வெயிலா என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பளச் சீட்டில் குறைவு கண்டால், வெறும் வாயால் வாதாடுவதைவிட அந்த நோட்டைக் காட்டிப் பேசுவது வலுவானது. அதுவே நம் சொந்தக் கனசதுரத்தின் முதல் தாள்.

சட்டத்திலும் சில உரிமைகள் உண்டு. மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் நம்மைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்திடம், அவற்றைக் காட்டும்படி கேட்கவும், பிழை இருந்தால் திருத்தும்படி கேட்கவும் அது உரிமை தருகிறது. மத்திய, மாநில அரசாங்கங்களை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிக் கடன் பற்றிய விவரங்களைப் பேங்க் நெகாரா 2001 முதல் சிக்ரிஸ் என்ற பதிவு அமைப்பில் திரட்டி வருகிறது. வீட்டுக் கடனோ மோட்டார் சைக்கிள் கடனோ கேட்டுப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும். வங்கி பார்ப்பதை நாமும் பார்க்கலாம். நம் அறிக்கையைக் கேட்டுப் பெற்று, நாம் அடைத்த கடன் அடைத்ததாகவே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறையில் நுழைய மாயமந்திரம் எதுவும் வேண்டாம். கூட்டல், பெருக்கல், வகுத்தல், விழுக்காடு, வரைபடம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் இவையே அடித்தளம். பள்ளிக் கணிப்பொறியில் அட்டவணை எழுதும் மென்பொருள் இருந்தால், வீட்டின் 3 மாதச் செலவை அதில் எழுதிப் பாருங்கள். எந்த நாள், எந்தக் கடை, எந்தப் பொருள், எவ்வளவு வெள்ளி என்று நான்கு பத்திகள் போதும். பிறகு பைவட் டேபிள் என்ற வசதியால் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அம்மா அரிசிக்கு எவ்வளவு கொடுத்தார், அப்பா தேநீர்க் கடைக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் வெளிவரும். வீட்டில் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!

நேயர்களே, நம் முன்னோர் பேரேட்டில் வெறும் எண்களாக இருந்தார்கள். அந்தப் பேரேட்டை எழுதியவரும் வேறு, படித்தவரும் வேறு. எண்ணப்பட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. இன்று ஏடு மாறிக் கணிப்பொறி வந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அந்தக் கணக்கைப் படிக்கவும், திருப்பிப் பார்க்கவும், விடுபட்ட பக்கத்தைச் சுட்டிக் காட்டவும் கற்றுக்கொண்டால், மேட்டுக்காட்டில் உழைப்பவரின் உழைப்பும் கணக்கில் ஏறும்.